கோடும் கலப்பையும்: ஃபரினா என்ற ஊரைப் பற்றிச் சில குறிப்புகள்

ஃபரினா என்பது லத்தீன் சொல். மாவு என்று பொருள். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல் போனால், லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கும் மரீ என்ற ஊருக்கும் நடுவில், இந்தப் பெயரில் ஓர் ஊர் இருந்தது. இப்போது அங்கே கிடப்பவை கூரையில்லாத கல்சுவர்கள், ஒரு கல்லறைத் தோட்டம், ரயில்வேக்காரர்கள் விட்டுப்போன உயரமான தண்ணீர்த் தொட்டி. ஃபரினாவுக்கு முன்னால் அந்த இடத்தின் பெயர் கவர்மெண்ட் கம்ஸ். ஓடைக்கரையில் நிற்கும் பெரிய யூகலிப்டஸ் மரங்களை அங்கே கம் மரம் என்பார்கள். 'சர்க்கார் மரத்தடி' என்று நம்ம பேச்சில் சொல்லிப் பார்க்கலாம். 1878இல் அங்கே 432 கால் ஏக்கர் மனைகளுக்குத் திட்டம் வகுத்தார்கள். சுற்றிலும் கோதுமையும் பார்லியும் விளையப்போகிறது என்ற நம்பிக்கையில் சர்க்கார் மரத்தடி மாவூர் ஆயிற்று.

மாவு வரவில்லை. அங்கே பெய்கிற மழை சராசரியாக ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது.

நான் அங்கே போனதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரைபடங்கள், புகைப்படங்கள், சில புத்தகங்கள், இவ்வளவுதான் என் கையில் இருப்பவை. தமிழ் எம்.ஏ. படித்த ஒருவன் இந்த நிலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்கும் சொல் 'பாலை'. அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிட்டேன். பிரிவையும் ஏக்கத்தையும் சுமந்து வருகிற சொல் அது. ஃபரினாவைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் எழுதுவதிலேயே ஏக்கம் வேண்டிய மட்டும் இருக்கிறது. நாமும் சேர்ந்து அழ வேண்டியதில்லை.

அந்த எழுத்துகளின் வாக்கிய அமைப்பைக் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். 'வறட்சி அவர்களைத் துரத்தியது', 'வறட்சி ஊரைக் கொன்றது', 'மண் அவர்களை ஏமாற்றியது'. எழுவாய் எப்போதும் வறட்சி அல்லது மண். சட்டம், நிலவரி, கடன், பாராளுமன்றம் இவையெல்லாம் வேற்றுமை உருபு ஏற்றுக்கூட வாக்கியத்துக்குள் வருவதில்லை. மழை பெய்யாத இடத்தில் மழை பெய்யவில்லை என்பது ஒரு நிகழ்ச்சியா? அதை நிகழ்ச்சியாக்கியது எது என்பதுதான் கேள்வி. விடை 1878க்கு முன்னால் கிடக்கிறது, ஒரு கோட்டில்.

*

ஜார்ஜ் கோய்டர் 1861இல் தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் தலைமை நில அளவையாளர் ஆனவர். இவரைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். சிலை, நினைவுக்கல் எல்லாம் உண்டு. ஆனால் தீர்க்கதரிசியின் முதல் அத்தியாயம் வேறு மாதிரி. 1857இல், துணை அளவையாளராக இருந்தபோது, வடக்கே போய்த் திரும்பி வந்து ஒரு அறிக்கை கொடுத்தார்: அங்கே நன்னீர் ஏரி ஒன்று விரிந்து கிடக்கிறது, கரையெல்லாம் பசுமை என்று. அன்றைக்கு அதை டாரன்ஸ் ஏரியின் ஒரு கை என்று நம்பினார்கள்; இன்று அது பிளாஞ்ச் ஏரி. அடிலெய்டில் ஒரே உற்சாகம். அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் அதே ஆண்டு படகையே தூக்கிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் சில அங்குலத் தண்ணீர், அதற்கடியில் சேறு. மீதி கானல். கோய்டர் பொய் சொல்லவில்லை. வெள்ளம் வந்து போன ஒரு நல்ல பருவத்தில், கானல் நீர் ஆடும் நேரத்தில் அவர் பார்த்தது அதுதான். ஒரு நல்ல வருஷத்தைப் பார்த்துவிட்டு அதுவே நிலத்தின் குணம் என்று முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதை அவர் தன் சொந்த அவமானத்தில் தெரிந்துகொண்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அதே வடபகுதியில் 1840இல் அலைந்து, மேலே வழி இல்லை என்று திரும்பிய எட்வர்ட் ஜான் எயர் ஒரு குன்றுக்கு 'நம்பிக்கையற்ற மலை' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். 38 ஆண்டுகளில் அதே வட்டாரத்துக்கு மாவு என்ற பெயர் வருகிறது. இடையில் மண் மாறவில்லை. பெயர் வைப்பவர்களின் தேவை மாறியிருக்கிறது.

கோடு போட்ட கதைக்கு வருவோம். 1864இல் மேய்ச்சல் குத்தகை நிலங்களை மறுமதிப்பீடு செய்து குத்தகையை ஏற்றினார் கோய்டர். பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர்கள் அவர்மேல் கொதித்துக்கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்து வறட்சி. கன்யாகா என்ற ஒரு பண்ணையில் மட்டும் சுமார் 20,000 ஆடுகள் செத்தன என்கிறார்கள். குத்தகைக்காரர்கள் நிவாரணம் கேட்டார்கள். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்று பிரிக்க, வறட்சி எதுவரை வந்திருக்கிறது என்று அளந்து வரச் சொன்னது அரசு. 1865இல் கோய்டர் குதிரையில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சுற்றினார். மழைமானிகள் அந்தப் பரப்பில் பெயருக்குத்தான் இருந்தன. அவர் பார்த்தது செடிகளை. மாலீ என்கிற குட்டை யூகலிப்டஸ் புதர்கள் எங்கே முடிகின்றன, உப்புச் செடியும் நீலச் செடியும் எங்கே தொடங்குகின்றன என்று. கிழக்கே பின்னாரூ பக்கத்திலிருந்து வடமேற்காக ஏறி, ஓரரூ, மெல்ரோஸ் வட்டாரத்தைத் தொட்டு, தென்மேற்கே இறங்கி எயர் தீபகற்பத்தைக் குறுக்காக வெட்டிப்போகிறது அந்தக் கோடு. பிற்காலத்தில் மழைக் கணக்கோடு வைத்துப் பார்த்தபோது ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழைக்கோட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கோடு உழவுக்காகப் போட்டதே இல்லை. ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைத் தள்ளுபடி கொடுக்கப் போட்ட கோடு. அரசின் கோப்புக்குள் நுழைந்த ஒரு கோடு தான் பிறந்த காரியத்தோடு நிற்பதில்லை. 1872இல் நில விற்பனைச் சட்டம் இதையே எடுத்து, கோட்டுக்குத் தெற்கே உழவர்களுக்குத் தவணையில் நிலம் தரலாம், வடக்கே கிடையாது என்றது. செடிகளின் எல்லை சட்டத்தின் எல்லை ஆச்சு. இரண்டே வருஷம். 1874இல் அதே பாராளுமன்றம் கோட்டைத் தூக்கிவிட்டு, தெற்கு அட்சரேகை 26 வரைக்கும் உழவுக்குத் திறந்துவிட்டது. ஓரரூவிலிருந்து ஃபரினா நேர்க்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே. 26ஆம் அட்சரேகையோ இன்னும் எவ்வளவோ அப்பால், மணல்மேட்டுப் பாலைவனத்துக்குள் போகிறது.

ஏன் தூக்கினார்கள்? மழை நன்றாகப் பெய்த சில வருஷங்கள் என்பது ஒரு காரணம்தான். 1869 முதல் நிலத்தைத் தவணையில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவருக்கு 640 ஏக்கர் வரை. நிலம் விற்ற காசுதான் காலனியின் கஜானாவுக்கு முக்கியமான வரும்படி. அந்த நம்பிக்கையில் ரயில் பாதை. ரயில் பாதை போட்டால் ஏற்றிச்செல்லச் சரக்கு வேண்டும், சரக்குக்குக் கோதுமை, கோதுமைக்கு மேலும் நிலம். இந்த வட்டத்தில் எங்கே நிற்பது? போதாததற்கு இயந்திரங்கள். ஜான் ரிட்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கதிர் உருவும் இயந்திரம் 1843லேயே வந்துவிட்டது. குறைந்த ஆட்களை வைத்துப் பரந்த நிலத்தை அறுக்கலாம் என்பதால், ஏக்கருக்குக் கொஞ்சமே விளைந்தாலும் கட்டுபடியானது. அது வேலை செய்யக் காய்ந்த வானிலை வேண்டும். ஈரம் இல்லாத நாடு என்பதே ஒரு அனுகூலமாகத் தோன்றிய காலம். 1876இல் வேர்க்கட்டையில் இடித்தால் தானே மேலே எழும்பித் தாண்டும் கலப்பையை ரிச்சர்ட் ஸ்மித் செய்தார். மாலீ நிலத்தை முழுதாக வேரறுக்காமலே உழ முடிந்தது. இதற்கெல்லாம் மேலே ஒரு நம்பிக்கை: மண்ணைக் கிளறினால் ஈரம் மேலே வரும், பயிர் வந்தால் மழை வரும். மழை கலப்பையின் பின்னால் வரும்.

இந்த வாசகத்தை அச்சில் நிலைநிறுத்தியவர் சார்லஸ் டானா வில்பர் என்ற அமெரிக்கர், 1881இல், நெப்ராஸ்கா சமவெளியில் நிலம் விற்பதற்காக. தெற்கு ஆஸ்திரேலியாவில் அதற்கு முன்பே இதே மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களா என்று தேடுவதில் எனக்கு ருசி இல்லை. நிலத்தை விற்க வேண்டியவன் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி வானிலை அறிவியலுக்கு வந்து சேர்கிறான்.

இந்தக் கோதுமை எல்லையின் வரலாற்றை டொனால்ட் மைனிக் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1962இல் விரிவாக எழுதினார். நல்ல புத்தகம். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

*

மனை பிரித்தது யார்? கோய்டரின் துறைதான். 1890களின் தொடக்கம் வரை அவரே தலைமை அளவையாளர். எச்சரித்துக்கொண்டே, தன் கோட்டுக்கு வடக்கே ஊர் ஊராக அளந்து கொடுத்திருக்கிறார். அறிவு ஒரு பக்கம், உத்தியோகம் ஒரு பக்கம். அதிகாரத்துக்கும் அறிவுக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோவை வைத்து நாம் இந்தப் பக்கங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. அறிவு அதிகாரத்தை உண்டாக்குகிறது என்போம். இங்கே அறிவை உண்டாக்கியதும் அதிகாரம், அதை மடித்து வைத்ததும் அதே அதிகாரம். பாவம், அந்த மனுஷன் சங்கிலியையும் கோலையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் போனார்.

1880இல் மழை பொய்த்தது. 81இலும் 82இலும் அப்படியே. கோட்டுக்கு வடக்கே போன உழவர்கள் விதைத்ததைக்கூட எடுக்கவில்லை. தவணைக் கடன் கழுத்தில். நிலத்தை அரசிடமே திருப்பி ஒப்படைக்க வழி செய்து சட்டங்கள் வந்தன. கோடு மறுபடியும் மரியாதை பெற்றது.

ஆனால் ஃபரினா அப்போது சாகவில்லை. இதுதான் வேடிக்கை. 1882இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து வந்த ரயில் அங்கே எட்டியது. 1884இல் மரீக்கு நீளும்வரை ரயிலின் கடைசி நிலையம் அதுதான். கோதுமை விளையாத கோதுமை ஊர் கால்நடையும் கம்பளியும் ஏற்றுகிற ஊராகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுமார் 600 பேர் இருந்தார்கள். டிரான்ஸ்காண்டினெண்டல், எக்ஸ்சேஞ்ச் என்று இரண்டு ஓட்டல்கள், இரண்டு மது வடிசாலைகள், ஒரு வங்கி, ஒரு மாதா கோவில், பள்ளிக்கூடம், மளிகைக்கடை, ஒரு விபசார விடுதி, தரைக்கடியில் ரொட்டி அடுப்பு. கொல்லர்கள் மட்டும் ஐந்து பேர். 600 பேர் ஊருக்கு ஐந்து கொல்லுப்பட்டறை என்றால் கொழு அடிக்க இல்லை. சக்கரப் பட்டைக்கும் லாடத்துக்கும்தான் இருக்க வேண்டும். கலப்பையால் வந்த ஊர் சக்கரத்தால் பிழைத்தது.

சக்கரம் போக முடியாத இடத்துக்கு ஒட்டகம். 1866இல் தாமஸ் எல்டர் என்ற பெருமுதலாளி கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் போர்ட் அகஸ்டாவில் கொண்டுவந்து இறக்கினார். அவர்களைத் தன் பெல்டானா பண்ணைக்குக் கொண்டுபோனார். ஃபரினாவுக்குத் தெற்கே இருக்கிறது அது. அப்புறம் வந்தவர்கள் அநேகம். பலூச்சிகள், பட்டாணியர், பஞ்சாபிகள், சிந்திகள் எல்லோரும் அங்கே 'ஆப்கான்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டார்கள். அதையும் வெட்டி 'கான்' ஆக்கி ரயிலுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டார்கள். ரயில் முனையிலிருந்து பேர்ட்ஸ்வில் பாதையிலும் மற்ற பாதைகளிலும் மாவு மூட்டை, சர்க்கரை, கம்பி, பியானோ என்று சகலத்தையும் உள்நாட்டுப் பண்ணைகளுக்குச் சுமந்தவர்கள் இவர்களும் இவர்களது ஒட்டகங்களும்தான். பண்ணைகளின் கம்பளி மூட்டைகளைத் திருப்பிச் சுமந்ததும் அவர்களே.

மரீயில் ரயில் தண்டவாளமே எல்லை. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடிகளும். கோய்டரின் கோட்டை இரண்டு வருஷத்தில் தூக்கியவர்கள் இந்தக் கோட்டை அவ்வளவு சுலபமாகத் தூக்கவில்லை. 1901இன் குடியேற்றத் தடைச் சட்டம், 1903இன் குடியுரிமைச் சட்டம் இரண்டும் சேர்ந்து ஒட்டகக்காரர்களின் கதவைச் சாத்தின. பெஜா தெர்விஷ் என்ற பலூச்சி 1896இன் கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களை நடத்திப் போனவர், மரீயிலேயே வாழ்ந்து முடிந்தவர். இவரைப் போல ஓரிருவர் பெயர்தான் வரலாற்று நூல்களில் நிற்கிறது. லாரி வந்ததும் ஒட்டகம் வேண்டாதது ஆயிற்று. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா திரியும் ஒட்டகங்களைச் சுடலாம் என்று தனிச் சட்டமே போட்டது. பலர் சுடாமல் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வம்சத்தில் சுமார் 1,60,000 ஒட்டகங்களை 2009க்கும் 2013க்கும் இடையில் அரசுத் திட்டம் போட்டு அப்புறப்படுத்த வேண்டிவந்தது.

இன்னொரு கம்பியும் அந்தப் பக்கமாகப் போகிறது. 1872இல் முடிந்த கண்டம் கடக்கும் தந்திக் கம்பி. பெல்டானாவில் அதற்கு நிலையம். ஜாவா, சிங்கப்பூர் வழியாகக் கடலடியில் வந்து சென்னையைத் தொட்ட கம்பியின் மறுமுனை அது. அதை அமைத்த சார்லஸ் டாட் தந்தி நிலையங்களிலிருந்து மழைக் கணக்கும் வாங்கினார். கடும் வறட்சிகள் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன என்று 1888இல் அவர் கவனித்துச் சொன்னார். இன்று எல் நினோ என்கிறோமே, அதன் ஒரு நுனி. நம்மூரில் தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த அதே 1878இல் அங்கே மாவூருக்கு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன்.

*

மைனிக்கிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அவருடைய கதையில் எல்லை முன்னேறுகிறது, பின்வாங்குகிறது. நகர்வது கோதுமை. நிலம் வெறுமனே கிடக்கிறது. அந்த நிலத்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்தவர்கள் கதைக்குள் வரவில்லை.

ஆமாம், மாவு. எயர் ஏரிப் படுகையின் மக்கள் புல்விதைகளையும், நார்டூ என்கிற நீர்ப்பெரணியின் வித்துறைகளையும் கல்லில் அரைத்து மாவாக்கி உண்டவர்கள். 1861இல் கூப்பர் ஓடையில் பர்க்கும் வில்ஸும் செத்த கதை பள்ளிப் பாடம். யாந்துருவாந்தா மக்கள் அவர்களுக்கு மீனும் நார்டூவும் கொடுத்தார்கள். அதை வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கழுவிப் பக்குவப்படுத்தும் முறையைப் பயணிகள் சரியாகக் கற்கவில்லை. வயிறு நிறைய மாவு தின்றபடியே இளைத்துச் செத்தார்கள். அதே மக்களோடு போய் ஒட்டிக்கொண்ட ஜான் கிங் மட்டும் பிழைத்தான்.

அரைக்கும் கல்லும் செம்மண்ணும் இந்த நிலத்தின் பெரிய வாணிகச் சரக்குகள். வடக்கேயிருந்து தியாரி ஆண்கள் பல நூறு கிலோமீட்டர் நடந்து, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் பாராச்சில்னா பக்கமுள்ள செம்மண் சுரங்கத்துக்கு வருவார்கள். திரும்பும்போது மண்ணோடு அரைகல்லும் தலையில். அந்த வழியில் இப்போது ஆட்டுப் பண்ணைகள். மோதல், துப்பாக்கி. 1874இல் ஒரு யோசனை செய்தார்கள்: இவர்கள் வருவது மண்ணுக்குத்தானே, மண்ணை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வரமாட்டார்கள். வேறு இடத்து மண்ணை வெட்டி வடக்கே லுத்தரன் மிஷனுக்கு அனுப்பினார்கள். தியாரிகள் அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். எந்த மண் என்பதும், எந்த வழி நடந்து எடுத்தது என்பதும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு மண். பிலிப் ஜோன்ஸ் 2007இல் எழுதிய நூலில் இந்தக் கதை விரிவாக இருக்கிறது. அதே 1874தான் கோய்டரின் கோட்டை அழித்த ஆண்டு. இரண்டு முடிவுகளுக்குப் பின்னாலும் ஒரே கண்: ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பிடுங்கி இன்னோர் இடத்தில் வைத்தால் அது அதே பொருள்தான், கோதுமையானாலும் சரி, செம்மண்ணானாலும் சரி.

உழுதவனுக்கே நிலம் என்பது நம் இடதுசாரிக் காதுக்கு இனிக்கிற வாசகம். ஐரோப்பியச் சட்டச் சிந்தனையில் அதற்கு இன்னொரு முகம் உண்டு. லாக் உழைப்பைக் கலந்தால் நிலம் உடைமை ஆகும் என்றார். வாட்டெல் 1758இல் மண்ணைப் பண்படுத்துவது மனிதக் கடமை என்றார். உழாதவனுக்கு நிலம் இல்லை என்பதுதான் மறுமுகம். 'யாருக்கும் உரிமையில்லாத நிலம்' என்ற கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மாபோ வழக்கில் தள்ளியது 1992இல்தான். ஃபிளிண்டர்ஸ் மலையின் அட்ன்யாமதன்ஹா மக்களுக்கு, பாறை மக்கள் என்று பொருள், நீதிமன்றம் அவர்கள் நிலவுரிமையை ஒத்துக்கொண்டது 2009இல்.

2014இல் புரூஸ் பாஸ்கோ ஒரு புத்தகம் எழுதினார். பூர்வகுடிகள் வெறும் வேட்டையாடிகள் அல்ல, விதைத்தார்கள், அறுத்தார்கள், சேமித்தார்கள், ஆகவே அவர்கள் உழவர்கள் என்று. பரபரப்பாக விற்றது. 2021இல் பீட்டர் சட்டனும் கெரின் வால்ஷும் மறுத்து எழுதினார்கள்: அவர்கள் வாழ்முறைக்குத் தனி நுட்பம் உண்டு, அதை உழவு என்று உயர்த்திக் காட்ட வேண்டியதில்லை என்று. விவரங்களில் தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் வாதத்தின் அமைப்பைப் பற்றிச் சொல்லலாம். 'அவர்களும் உழவர்களே' என்று நிரூபித்தால்தான் மரியாதை என்றால் கலப்பைதான் இன்னமும் நீதிபதி. பாஸ்கோவின் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் போய் நிற்கிற நீதிமன்றத்தின் மேல்தான் சந்தேகம். அந்த நீதிபதியின் லட்சணம் ஃபரினாவில் தெரிந்துவிட்டது. உழவர் என்று சட்டப்படி எழுதிக்கொடுத்து, கடன் கொடுத்து, மனை பிரித்து, ரயிலும் விட்டுக் குடியேற்றியவர்களின் கோதுமை சில வருஷம்கூட நிற்கவில்லை.

*

1980இல் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே தள்ளிப் புதுப் பாதை போட்டார்கள். பழைய கான் ரயில் நின்றது. ஃபரினா அதற்கு வெகு முன்பே காலியாகத் தொடங்கியிருந்தது.

கோய்டரின் கோடு இன்று பாரம்பரியச் சின்னம். பருவநிலை மாறுவதால் அது தெற்கே நகரும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோட்டுக்குத் தெற்கே இன்று கோதுமை விளைகிற ஊர்களில் சில, சர்வே கல்லை அசைக்காமலே, வடக்கே போய்விடக்கூடும்.

2009இலிருந்து ஒரு தன்னார்வக் குழு ஃபரினாவின் சுவர்களைச் செப்பனிட்டு வருகிறது. குளிர்காலத்தில் சில வாரங்கள் அங்கே போய்க் கூடாரம் போடுகிறார்கள். தரைக்கடியில் இருந்த பழைய ரொட்டி அடுப்பைத் திருத்தி மறுபடியும் மூட்டிவிட்டார்கள். பயணிகள் வரிசையில் நின்று ரொட்டி வாங்குகிறார்கள். விற்ற காசு கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறது. அடுப்பு பழையது. மாவு வண்டியில் வருகிறது, தெற்கேயிருந்து.